நடு மைதானத்தில் ஒரு பள்ளம்

மெத்தை ஆலையின் கிழக்குக் கொட்டகைக்கும் மேற்குக் கொட்டகைக்கும் நடந்த சாஃப்ட்பால் இறுதி ஆட்டத்தில் கடைசியாக அடிக்கப்பட்ட பந்து கீழே வர மூன்று வருஷம், இரண்டு மாதம், பதினோரு நாள் பிடித்தது. அன்றைக்குக் காற்று இல்லை, வெயில் மிதம், பந்து புதிது. வேறு எந்தக் காரணமும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊரில் வேலையிடங்களுக்குள் நடக்கும் பந்தயத்தில் எட்டு அணிகள் உண்டு. தீயணைப்பு நிலையக்காரர்கள் பிரமாதமாக ஆடுவார்கள், ஆனால் மணி அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். இரண்டு கோப்பைகளை அப்படித்தான் கோட்டை விட்டார்கள். பேக்கரிக்காரர்களுக்கு எத்தனை தடவை கழுவினாலும் கையில் வெண்ணெய் வழுக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்காரர்களிடம் சட்டை மட்டும் பளிச்சென்று இருக்கும், ஆட்டம் இருக்காது. அம்பயர் ஒரு பல் டாக்டர். சாஃப்ட்பால் என்று பேர்தானே தவிர, பந்து கல் மாதிரி இருக்கும், அதைத் தாடையில் வாங்கியவர்கள் மைதானத்திலிருந்து நேரே அவரிடம்தான் போகவேண்டும் என்பதால், அவர் அந்தப் பதவியை விடாமல் வைத்திருப்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் நியாயஸ்தர். எல்லோரும் என்றைக்காவது அவர் முன்னால் வாயைத் திறந்து படுக்கவேண்டியவர்கள்தான், அதனால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. விதிப் புத்தகமும் அவர் எழுதியதே. ஒருமுறை பேக்கரியின் ரொட்டி அடுக்குபவர் தாவிப் பந்தைப் பிடித்து, கால்சட்டை வேலிக் கம்பியில் மாட்டி, அப்படியே தொங்கினார். கேட்சா இல்லையா என்று கைகலப்பே வரப் பார்த்தது. பல் டாக்டர் அரைமணி நேரம் யோசித்து, பிடித்தவர் தரையில் பட்டால்தான் கேட்ச் முழுமை, அதுவரை ஆட்டம் நடப்பதாகவே கணக்கு என்று எழுதிவைத்தார். எழுதி முடித்த பிறகுதான் ரொட்டி அடுக்குபவரை இறக்கினார்கள்.

கிழக்குக் கொட்டகை ஒற்றைக் கட்டில் மெத்தை செய்யும், மேற்கு இரட்டைக் கட்டில் மெத்தை. வம்பு தொடங்க இது போதாதா? "ஒத்தக்கட்டில்காரங்க வந்துட்டாங்க, பாவம், தனியாப் படுக்கிறவங்க" என்று மேற்கு சொல்லும். "நாங்க தூங்குறவங்களுக்குச் செய்யிறோம், குறட்டைக்குச் சண்டை போடுறவங்களுக்கு இல்ல" என்று கிழக்கு திருப்பிக் கொடுக்கும். ஒரு வருஷம் மேற்கின் மட்டைகளைக் கிழக்கு திருடி மெத்தைக்குள் வைத்துத் தைத்து விற்பனைக்கு அனுப்பிவிட்டது. முதுகு வலிக்கிறது என்று நாலு ஊரிலிருந்து புகார் வந்தபிறகுதான் மட்டைகள் திரும்பின. இப்படிச் சிரித்துக்கொண்டே பதினோரு வருஷம் போனது.

கிழக்குக் கொட்டகையில் மெத்தைக்கு விளிம்பு தைப்பவளை ஊரே பசைக்கை என்றுதான் கூப்பிடும். அவள் கைக்கு வந்த பந்து விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. மேற்கில் ஸ்பிரிங் கம்பி சுருட்டுகிறவன் அவளுடைய சொந்த அண்ணன். அப்பா அம்மா போனபிறகு, தன் பதினெட்டு வயதிலிருந்து அவளை வளர்த்தவன் அவன்தான். ஒற்றை அறையில், மழை நாட்களில், காலுறையைச் சுருட்டி உருண்டையாக்கி, "பிடி" என்று சொல்லிச் சொல்லி எறிவான். விட்டால் அன்று பாத்திரம் கழுவுவது அவள். அவளுக்குப் பாத்திரம் கழுவப் பிடிக்காது. அந்தக் கை அப்படித் தேறியதுதான்.

பன்னிரண்டாம் வருஷம் மேலாளர் உணவுக்கூடத்துக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வரும் ஆண்டு ஒரு கொட்டகைதான் ஓடும், மற்றதைப் பூட்டவேண்டும், எதை என்று தன்னால் தீர்மானிக்க முடியவில்லை என்றார். பிறகு மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஞாயித்துக்கிழமை ஃபைனல் இருக்குல்ல? அதுல பாத்துக்கலாம்" என்றது. கிழக்கு விட்டுக்கொடுக்குமா? "பாத்துக்கலாம்!" என்று எழுந்தது. சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் மேலாளர். நூற்றிருபது கைகளும் உயர்ந்தன. அவளும் தூக்கினாள். எதிர் மேசையில் அண்ணனும் தூக்கினான். தோற்கப்போவது மற்றவர்கள் என்பதில் இருவருக்கும் அவ்வளவு நிச்சயம். அந்த மற்றவர்களில் யார் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை.

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கிழக்கு ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. மேற்கில் மிச்சமிருந்த ஒரே அடி அண்ணனுடையது. அவன் அடித்தான். பந்து நேரே மேலே போனது, கடுகளவு ஆனது, அங்கேயே நின்றுவிட்டது. அவனுக்கு முன்னால் இருந்த இருவர் ஓடி முடித்துவிட்டார்கள், பந்து தரையில் விழுந்தால் அந்த இரண்டு ஓட்டமும் மேற்குக்கு. அவன் ஓடிப்போய், ஓடுகிறவர்கள் காலூன்றி நிற்கும் பலகைகளில் இரண்டாவதான இரண்டாவது பேஸில் நின்றான். நடு மைதானத்தில் அவள் கையுறையை விரித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். பிடித்தால் அண்ணனுக்கு வேலை போகும். அவனுக்கு மூன்று பிள்ளைகள். விட்டால் அவளுக்குப் போகும்; அவள் கணவன் முதுகெலும்பு முறிந்து, அவளே தைத்த மெத்தையில் படுத்திருப்பவன், மகளுக்கு ஏழு வயது. இருட்டும்வரை பார்த்துவிட்டு, பந்து தரையையோ கையையோ தொடாததால் ஆட்டம் முடியவில்லை என்றார் பல் டாக்டர். ஆட்டம் முடியாததால் தோற்றவர்கள் இல்லை என்றார் மேலாளர். திங்கட்கிழமை இரண்டு கொட்டகைகளும் வழக்கம்போலத் திறந்தன.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. பந்து மேலே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றிருபது வீட்டில் அடுப்பு எரியும். அவள் நகர்ந்த நேரம் பார்த்துப் பந்து விழுந்தால்? ஆள் மாற்றவும் விதியில் இடமில்லை. ஆகவே அவளுடைய தையல் இயந்திரத்தை மைதானத்துக்கே தூக்கி வந்தார்கள். விளிம்பு தைக்கவேண்டிய மெத்தைகள் தள்ளுவண்டியில் வந்தன. அண்ணனும் பேஸை விட்டு நகர முடியாது. ஆட்டம் நடக்கும்போது பேஸை விட்டவனைப் பந்து வைத்திருக்கும் கை தொட்டால் அவுட். அவனுக்கும் கம்பி சுருட்டும் கருவி இரண்டாவது பேஸுக்கு வந்தது. நாற்பது அடி இடைவெளியில், ஆளுக்கொரு கூடாரத்தில், அண்ணனும் தங்கையும் குடியிருந்தார்கள். முதல் வருஷம் பேசவே இல்லை. நில அளவைக்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பந்தின் உயரத்தை அளந்தார். உணவுக்கூடத்துப் பலகையில் ரொட்டி விலைக்குக் கீழே அதையும் எழுதினார்கள். ரொட்டி விலை ஏறியது. பந்து இறங்கியது.

அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் கண் விழித்ததும் முதலில் மேலேதான் பார்ப்பாள். கடுகு இருக்கும், மூச்சு வரும். ஒருநாள் அண்ணி வந்து புல்லில் உட்கார்ந்து, வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "கேக்கவே வெக்கமா இருக்கு. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிடேன்" என்றாள். மறுவாரம் கிழக்கின் மேஸ்திரி வந்து, "உன் கைக்கு வந்தது விழுந்ததே இல்லம்மா. இப்ப விழுந்தா அது வழுக்கல் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். இருவரும் சொன்னது சரிதான். அதுதான் அவளை வதைத்தது. அன்று சாயங்காலம் ஊசி விரலில் ஏறி, கையை உதறிக்கொண்டு அழுதாள். நாற்பது அடிக்கு அப்பாலிருந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு, அண்ணன் குரல் கேட்டது.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டு அழு."

அதிலிருந்து பேசினார்கள். பந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மூன்றாம் வருஷத்தில் கடுகு மிளகாகி, நெல்லிக்காயாகி, நாலாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் வேலை முடியும் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது விழத் தொடங்கியது. இரண்டு கொட்டகைகளும் ஓடிவந்து கோட்டுக்கு வெளியே நின்றன. மூன்று வருஷம் யோசித்தும் அவளிடம் முடிவென்று ஒன்றுமில்லை. பந்து அவளைத் தாண்டிப் பின்னால் போகப் பார்த்தது. நின்ற இடத்தில் நின்றால் போதும், விழுந்துவிடும், குற்றம் சொல்ல முடியாது. அப்போது அண்ணன் கத்தினான்: "பிடி!"

அந்தச் சொல்லுக்கு அவள் மனசைக் கேட்கிற பழக்கம் அவள் கைக்கு இல்லை. பின்னால் ஓடி, எம்பிப் பிடித்துவிட்டாள். பந்து ஐஸ் கட்டியாகக் குளிர்ந்தது. மேலிருந்தபடி பார்த்தாள். மேற்குக்காரர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள். அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் சிரித்தான், அவள் முதல் காலுறையைப் பிடித்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கால் பட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். கால் படவில்லை.

பல் டாக்டர் வந்து, அவள் பாதத்துக்கும் புல்லுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பெரியவர்கள் நெஞ்சளவுக்கு இடைவெளி இருந்தது. புத்தகத்தைப் புரட்டி, "தரையில படல. ஆட்டம் நடக்குது" என்றார். இரண்டு பூட்டுகளோடு வந்திருந்த மேலாளர் அவற்றோடே திரும்பிப் போனார்.

"இறங்கி வா. நான் வேற வேலை பாத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

"நாப்பத்தெட்டு வயசுல உனக்கு எவன்ணே வேலை குடுப்பான்? போய்க் கம்பியைச் சுருட்டு."

தையல் இயந்திரத்துக்கு உயரமாக மேடை கட்டினார்கள். மகள் பள்ளி விட்டதும் ஏணியில் ஏறி வந்து தலை வாரிவிட்டு, பாடம் ஒப்பித்துவிட்டுப் போவாள். ஞாயிறுதோறும் கணவனைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அண்ணாந்து பார்க்கும்படி படுக்கவைத்தார்கள். படுத்திருப்பவனுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. மற்ற அணிகள் அவளைச் சுற்றி ஆடின. இடது கையால் வேலை, வலது கையில் பந்து. அதைக் கீழே போட்டால் அவள் கொட்டகை போய்விடும் என்பதால் தூங்கும்போது கையுறையைத் துணியால் கட்டிக்கொள்வாள். பலகையில் இப்போது அவளுடைய உயரத்தை எழுதினார்கள். வருஷத்துக்கு ஒரு சாண் குறைந்தது. யாருக்குத்தான் களைக்காது? கீழே மெத்தை போடலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். மெத்தையும் தரைதான் என்றார் பல் டாக்டர், மெத்தை ஆலைக்காரர்களிடமே.

அவள் அப்படி மிதந்த ஆறாம் வருஷம் புல்நுனி அவள் உள்ளங்காலில் உரசியது. புல்லை வெட்டினார்கள். இரண்டு கொட்டகையிலும் ஆட்கள் வேலை நேரத்தில் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்கள். அவள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்; அப்படியும் இறங்கினாள். விரல் இடைவெளிதான் மிச்சம் என்ற அன்று காலை, அண்ணன் ஒன்பது வருஷமாக நின்ற பேஸை விட்டு இறங்கி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை நோக்கி நடந்தான். கிழக்கின் மேஸ்திரி உட்பட எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பேஸை விட்டவன், அவள் கையில் பந்து, கையுறை அவன் மேல் பட்டால் போதும், அவன் அவுட், மேற்கு தோற்றது, அவளும் நிம்மதியாகக் காலை ஊன்றலாம். அவன் அவள் காலடியில் குனிந்து, பிடரியைக் காட்டிக்கொண்டு, மண்ணைத் தோண்ட ஆரம்பித்தான். அவள் பந்துக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மறு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை வலியெடுத்தும் விடவில்லை. ஒரு சாண் தோண்டிவிட்டு, நிமிர்ந்து, அவன் பேஸுக்குத் திரும்பினான்.

அடுத்த வருஷத்திலிருந்து இரண்டு கொட்டகைகளும் மண்வெட்டியோடு வந்தன. யார் அதிகக் கூடை மண் அள்ளினார்கள் என்று பழையபடி வம்பு தொடங்கியது. ஒற்றைக் கட்டில்காரர்கள் ஒற்றைக் கையால் அள்ளுகிறார்கள் என்று மேற்கு கேலி செய்தது. பள்ளத்தில் விழும் பந்துக்கு இரண்டு பேஸ் என்று பல் டாக்டர் விதி சேர்த்தார். மகள் கிழக்குக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினெட்டு அடியில் பாறை இருப்பதாகக் கிணறு வெட்டுபவர் சொன்னார். ஒரு சாண் கணக்கில் அங்கே போய்ச் சேருவதற்குள் தங்கள் இருவருக்கும் ஓய்வு வயது வந்துவிடும் என்று அண்ணன் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். அதற்குப் பிறகு என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதல் மண்ணை மட்டும் எப்போதும் அவனே வெட்டுவான். இந்த வருஷம் பள்ளம் இடுப்பளவு. அவன் தலை நன்றாக நரைத்துவிட்டது. காலி கை பட்டால் அவுட் இல்லை என்று பல் டாக்டர் எழுதியே கொடுத்திருந்தும், அவளுக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. இந்த முறை அவன் குனிந்தபோது பந்துக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையை எடுத்து அவன் தலையில் வைத்தாள். அவன் நிமிராமல், "இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமா?" என்று கேட்டான்.

"வெட்டுண்ணே" என்றாள்.