சேர்ச்சில் அண்ணை தோற்ற தேர்தல்

மோர்னிங்சைட்டில் எங்கள் பதினாலு மாடிக் கட்டடத்தில் 1994 ஜனவரி முழுக்க ஹீற்றர் வேலை செய்யவில்லை. கோப்பைக்குள் கழற்றி வைத்த என் பல்செட் தன்பாட்டில் நடுங்க, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் சுவரில் தட்டினார். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கட்டடச் சொந்தக்காரனோடு மோதியவர் வாடகைக்காரர் சங்கத் தலைவர் அமிர்தநாதர். இங்கிலாந்தின் யுத்தகாலப் பிரதமர் சேர்ச்சிலின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்தவர். கறுப்புத் தொப்பி, வாயில் பற்றவைக்காத சுருட்டு. எல்லாருக்கும் அவர் சேர்ச்சில் அண்ணை. எழுபத்தாறு வயதில், பனிக்குள் பஸ் ஏறி, ஏழு வாரம் அரசாங்கக் கந்தோர் கந்தோராய் அலைந்தார். மார்ச்சில் சூடு வந்தது. ஏப்ரலில் சங்கத் தேர்தல் வந்தது. மனைவி செத்த பிறகு அந்தப் பதவிதான் அவரைக் காலையில் கட்டிலிலிருந்து எழுப்பியது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினார்.

"வாற மாரிக்குளிர் இன்னும் மோசமா இருக்கும். சண்டை முடியேல்லை, கண்டியளோ!"

எதிர்த்து நின்ற கஜீவன் ஒரே நிமிடம்தான் பேசினான்.

"லோண்டறியில உடுப்புக் காயப்போட ரெண்டு புது ட்றையர்."

பெட்டியைத் திறந்தபோது கஜீவனுக்கு ஐம்பத்தெட்டு, அமிர்தநாதருக்கு மூன்று.

அடுத்தநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திரையை மூடிவிட்டு, தொப்பியும் கழற்றாமல் இருந்தார்.

"இஞ்சேரும், யுத்தத்தை வெண்டு குடுத்த மனுசனையே நாப்பத்தைஞ்சில சனம் வோட்டுப் போட்டு வீட்டை அனுப்பினது. அண்டைக்கு அவர் விட்ட கண்ணீரில தேம்ஸ் ஆறு ரெண்டடி உயர்ந்ததாம். எங்கட ஊர் ஆள் ஒருத்தர் நிண்டு அளந்தவர்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நீர் ஆருக்குப் போட்டனீர்?"

"உமக்குத்தான். இதென்ன கேள்வி?"

"இண்டைக்கு லிப்டிலயும் வாசலிலயுமா ஏழு பேர் இதைத்தான் சொன்னவை. நீர் எட்டாவது ஆள். பெட்டிக்குள்ள மூண்டுதான் கிடந்தது. அதிலயும் ஒண்டு நான் போட்டது."

ஐம்பது வருடமாய்ப் புளுகித் திரிந்தவன் நான். நாலு நாளாய்க் காயாத என் பனியன்களை நினைத்தேன். அதற்காகத்தான் வோட்டைக் கஜீவனுக்கு மாற்றிப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"அந்தாள் ஆறு வருசத்துக்குப் பிறகு திரும்பவும் பிரதமரா வந்தவரெல்லே," என்றேன். இது உண்மை.

"ஓம். அவருக்கு ஆறு வருசம் இருந்தது."

போன் அடித்தது. அவர் அதை எடுக்கப் பாய்ந்த வேகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆர், ஒன்பதாம் மாடி றசீனாவோ? சுடுதண்ணி வரேல்லையோ? எப்ப துவக்கம்?"

முறைப்பாட்டுக் கொப்பியைத் திறந்து திகதியைப் போட்டார். வீட்டு இலக்கத்தையும் எழுதினார். பிறகு பேனை நின்றது.

"பிள்ளை, இதை இனிக் கஜீவனிட்டைத்தான் சொல்லவேணும். நம்பரை எழுதுங்கோ."

ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக, பிழை வராதபடி இரண்டு தரம் சொன்னார்.