ஏழாவது தகடு

பெரியவன் இரண்டாவது முறை அந்தத் தலையைப் பிடித்து இரும்பு ஷட்டரில் மோதியபோது சின்னவள் மாடிப்படியில் பாதிதான் இறங்கியிருந்தாள். முதல் மோதல் மேலே, அப்பாவைக் கிடத்தியிருந்த கூடம் வரைக்கும் கேட்டது. யாரோ நாற்காலி இறக்குகிறார்கள் என்றுதான் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்தார்கள். சின்னவள் மட்டும் எழுந்து படிக்கு ஓடினாள். அண்ணன் காலையில் வந்து இறங்கியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. அவன் அழாமல் இருந்தால் யாரோ அடி வாங்கப் போகிறார்கள் என்று பொருள்.

வாங்கிக்கொண்டிருந்தது அவள் கணவன். வண்டிகளின் மின்சார வேலை முழுக்க அவன் பொறுப்பு என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் ‘வயர்’. வயரின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தது. திருப்பி அடிக்க ஒரு கையைக்கூட அவன் தூக்கவில்லை.

“டூப்ளிகேட் காயில் போட்டுத்தானேடா எங்கப்பாவக் கொன்ன?”

“ஒரிஜினல்தான் மச்சான். டப்பாகூட இருக்கு.”

“டப்பா இருக்கா? பத்திரமா வெச்சுக்க. உன் எலும்பப் பொறுக்கிப் போட ஆகும்.”

சின்னவள் ஓடிப்போய் அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தாள். சின்ன வயதில் அப்படித்தான் அவனிடமிருந்து தப்புவாள். பல் பதிந்து ரத்தம் வந்த பிறகுதான் அவன் பிடியை விட்டான். வயர் ஷட்டரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

பெரியவன் மணிக்கட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “நாலு மணிக்கு அப்பாவ எடுக்கறாங்க. அவர எடுத்த கையோட உன்னையும் எடுக்கறேன். ஓடிடலாம்னு மட்டும் நினைக்காத.” சொல்லிவிட்டு, சக்கரம் கழற்றுகிற நீளக் கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தான்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒரு டயர்க்கடைக்காரனின் இரண்டு முழங்கையையும் உடைத்துவிட்டுப் பதினோரு மாதம் உள்ளே இருந்தவன் அவன். வெளியே வந்த அன்று, “என் பேரைக் கெடுத்தவன்” என்று அப்பா பெல்ட்டைக் கழற்ற, பெரியவன் அந்த பெல்ட்டைப் பிடுங்கி அவரையே இரண்டு விளாசு விளாசிவிட்டு வீட்டை விட்டுப் போனான். ஐந்து வருடம் கழித்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது, அவ்வளவுதான்.

மணி இரண்டரை. சின்னவள் கணவனை எழுப்பி, மூக்கில் ஈரத்துணியை வைத்து அழுத்தி, உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்தாள். பிறகு பட்டறையின் நடுவில் கிடந்த காரைப் பார்த்தாள். பார்க்காமல் இரண்டு நாள் சமாளித்தாயிற்று.

அது ஒரு பல் டாக்டரின் கார். டர்போ வைத்த, தரையோடு தரையாகப் படுத்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். சும்மா நிற்கும்போது பூனைபோல் உறுமும். மேல் கியரில் மிதித்தால் இருமும், திக்கும், உதறும். வயர் இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதற்கு மாற்றிப் போட்டுப் பார்த்தான். திக்கலும் கூடவே மூன்றாவதற்குப் போனது. அதாவது பொறியை உண்டாக்குகிற அந்தக் காயில்தான் செத்திருந்தது. புதியது போட்டான். கூடவே நான்கு ஸ்பார்க் பிளக்கும் தேய்ந்திருந்ததால் அவற்றையும் மாற்றச் சொல்லி அப்பா உத்தரவு போட்டார். டர்போ வண்டியில் பொறி தாண்டுகிற பிளக்கின் நுனி இடைவெளியை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது, அது அவருடைய ராஜ்யம். முடித்துவிட்டு அவரே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். பெரிய ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்த வெளியே எடுத்து முழுக்க மிதித்திருக்கிறார். வண்டி அந்த இடத்தில் திக்கி நின்றிருக்கிறது. எதிரே சரக்கு லாரி.

போலீஸ் அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைப் பட்டறைக்கே இழுத்துப்போட்டுவிட்டுப் போனது. முன் வலது பக்கம் சப்பையாகியிருந்தது. ஓட்டுநர் இருக்கையை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். சரியாகக் கழுவவில்லை. பேட்டரி பின்பக்கம் இருந்ததால் அது உயிரோடுதான் இருந்தது.

சின்னவள் வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகினாள். திரையில் என்ன வரும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அதுதான் வந்தது. வாய் விட்டு அலற வேண்டும் போலிருந்தது. அலறவில்லை.

“அண்ணா, இங்க வா.”

“வண்டி பாக்கற நேரமாடி இது?”

“நீ ஒருத்தனக் கொல்லப்போற. எதுக்குன்னு பாத்துட்டுக் கொல்லு.”

கம்பியோடுதான் வந்தான். அவனும் இந்தப் பட்டறையில் வளர்ந்தவன். ஒரு இன்ஜினைக் காட்டினால் கோபத்திலும் கண் தானாக அதன்மேல் போய்விடும்.

“காயில் செத்திருந்தா ரெண்டாவது சிலிண்டர் மட்டும்தான் காட்டணும். நாலும் காட்டுது பாரு. அதுவும் ஒரே நேரத்துல. அதுக்கு முன்னாடி ஒரு திக்கல்கூட இல்ல. டர்போ முழுசா காத்தத் திணிச்சப்ப மட்டும்.”

“பெட்ரோல் போயிருக்காது.”

“அழுத்தம் எவ்வளவு இருந்துச்சுன்னு அதுலயே இருக்கு. குறையவே இல்ல.”

அவன் திரையைப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். “அப்போ பிளக்கு,” என்றான்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவனே கழற்றினான். கோணிப்போன பானெட்டைக் காலால் உதைத்துத் திறந்து, நீள சாக்கெட் ஸ்பேனரை விட்டு, ஒவ்வொரு பிளக்காக எடுத்துப் பழந்துணியில் வரிசையாக வைத்தான். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் இடைவெளி வைத்தாரோ அவர் பிளக்கின் தலையில் தன் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது என்றால் யாரைப் பிடித்து அடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக அப்பா கொண்டுவந்த சட்டம். வயருக்கு வெள்ளை. அப்பாவுக்கு மஞ்சள். நான்கிலும் மஞ்சள்.

“அப்பா வெச்சது,” என்றான் பெரியவன். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. “அப்போ இதுல தப்பு வர சான்ஸே இல்ல.”

சின்னவள் கேஜை நீட்டினாள். மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறிபோல் கோத்த கருவி அது. ஒவ்வொரு தகடும் ஒரு கனம். எந்தத் தகடு இடுக்கில் இறுக்கமாகப் போய் வருகிறதோ அதுதான் இடைவெளியின் அளவு. பெரியவன் அதை வாங்கியதும் கட்டைவிரல் தானாகத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உதடு அசைந்தது. அப்பாவும் அப்படித்தான் எண்ணுவார். ஏழாவது தகட்டைப் பிரித்து முதல் பிளக்கில் விட்டான். வழுவழுவென்று கச்சிதமாகப் போய் வந்தது. இரண்டாவதிலும் போனது. நான்கிலும் போனது.

“ஏழு. கரெக்டா இருக்கு. டர்போ வண்டிக்கு ஏழுதான்.” அவன் திரும்பி, உள்ளே உட்கார்ந்திருந்த வயரைப் பார்த்தான். கை கம்பியைத் தேடியது.

“நம்பரப் படி.”

“எதுக்கு?”

“படிண்ணா.”

அவன் தகட்டை வெளிச்சத்துக்குக் காட்டிச் சாய்த்தான். மயிரிழைபோல் பொறித்த எண். கண்ணைச் சுருக்கினான். தகட்டைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“ஒண்ணுன்னு போட்டிருக்கு,” என்றான். “ஒரு மில்லி.”

“ஆமா.”

“ஏழாவது தகடு முக்கா மில்லிகூட இருக்காதேடி. பத்துல ஏழு பங்குதானே?”

“அது பழைய கேஜுல. அது போன வருஷம் தொலைஞ்சுபோச்சு. இது நான் வாங்கினது. இதுல வரிசை வேற.”

சாதாரண வண்டிக்கு ஒரு மில்லி இருந்தாலும் ஓடும், யாருக்கும் தெரியாது. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கிற வண்டியில் அந்த இடைவெளியைப் பொறியால் தாண்ட முடியாது. மிதிக்க மிதிக்க, காற்றில் தீக்குச்சி அணைகிறமாதிரி அணையும். இதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அவரு நம்பரப் பாக்க மாட்டாரா?”

“கிட்டக்க இருக்கற பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாச்சு. கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். வைஸ் இடுக்குல வெச்சு நசுக்கிட்டாரு.”

பெரியவன் தகட்டையே தடவிக்கொண்டிருந்தான். “அப்போ இந்த ஒரு வருஷமா வந்த டர்போ வண்டியெல்லாம்?”

“அவரு சாப்பிடப் போனதும் நான் எடுத்து சரி பண்ணி வெச்சுடுவேன். மஞ்சப் பொட்ட அழிக்க மாட்டேன்.”

“இதுக்கு?”

“பண்ணல.”

“மறந்துட்டியா?”

அவள் தப்பிக்க அவன் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் சாவு நடந்திருக்கிறது, யாரும் அதற்குமேல் தோண்ட மாட்டார்கள். சின்னவள் அண்ணனின் மணிக்கட்டைப் பார்த்தாள். தன் பல் பதிந்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“மறக்கல,” என்றாள். “அன்னிக்குக் காலைல இவரு ஸ்கேனர் போட்டுப் பாக்கலாமான்னு கேட்டாரு. அதுக்கு ஸ்பேனரத் தூக்கி அடிச்சாரு அப்பா. தோள்பட்டைல பட்டுச்சு. ஒரு இஞ்சு மேல பட்டிருந்தா காது போயிருக்கும். ஒரு தடவையாவது அசிங்கப்படட்டும்னு விட்டுட்டேன். டாக்டர் முன்னாடி வண்டி திக்கணும், மூஞ்சி தொங்கிப்போய் திரும்பி வரணும்னு நினைச்சேன். அவரே ஓட்டிட்டுப் போவாருன்னு தெரியும். பஸ்ஸ முந்துவாருன்னு தெரியாது.”

அடி எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. காரின் பக்கவாட்டில் போய் விழுந்தாள். காதுக்குள் விசில் ஊதியது. அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தான். உதடு கிழிந்தது. வலித்தது, ஆனால் இரண்டு நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. இன்னும் அடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

மூன்றாவது அடி விழவில்லை. வயர் எப்போது எழுந்து வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. தனக்காகத் தூக்காத கையைத் தூக்கி, மச்சானின் தாடையில் ஒரே குத்து விட்டான். பெரியவன் தடுமாறிப் பின்னால் போய், எண்ணெய்த் தட்டில் கால் வழுக்கி, தரையில் மல்லாந்தான். பிளக்குகள் நாலா பக்கமும் உருண்டன.

“அவ மேல கை வெச்சீங்க...” வயருக்கு மூக்கு அடைத்திருந்ததால் மீதி வார்த்தை வரவில்லை.

பெரியவன் எழுந்தான். கம்பியை எடுத்தான். சின்னவள் கணவனுக்கு முன்னால் போய் நின்றாள். ஆனால் அவன் அவர்கள் பக்கம் வரவில்லை. காரின் கண்ணாடியில் இறக்கினான். பிறகு பானெட்டில், விளக்கில், கதவில், சரியாகக் கழுவாத அந்த இருக்கையில். ஒவ்வொரு அடிக்கும் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது வசையா அழுகையா என்று முதலில் புரியவில்லை. கம்பி வளைந்து கையிலிருந்து நழுவிய பிறகு புரிந்தது.

“அவருக்குக் கண்ணு தெரியலன்னு ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“எங்க வந்து சொல்றது? அஞ்சு வருஷமா நீ எங்கண்ணா இருந்த?”

அவன் கண்ணாடித் தூளின் நடுவில் உட்கார்ந்து, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதான். நாற்பது வயது ஆம்பிளை அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. போய்த் தொடலாமா என்று நினைத்தாள். தொடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல் நின்றாள்.

அம்மா மாடிப்படியின் மேலே வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ, எதுவரை கேட்டாளோ. மூன்று பேரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“அடிச்சு முடிச்சிட்டீங்களா? அவரு இருந்திருந்தா அவரு பங்குக்கும் ரெண்டு போட்டிருப்பாரு. மேல வாங்க, தூக்க ஆள் வேணும்.”

அப்பா கனமான மனிதர். அந்தப் படியோ குறுகலானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. மூலைக்கு ஒருவராக நான்கு பேர் பிடிக்க இடமில்லை. அவரைக் கிடத்திய பலகையின் மேல்பக்கம் ஒருவர், கீழ்ப்பக்கம் ஒருவர்தான் பிடிக்க முடியும். வயர் கேட்காமலே கீழ்ப்பக்கம் போனான். பின்பக்கமாக இறங்க வேண்டியது அவன்தான். அதற்குள் இடது கண் முழுக்க மூடிவிட்டிருந்தது. முதல் படியைக் காலால் துழாவினான், கிடைக்கவில்லை.

மேல்பக்கம் பிடித்திருந்த பெரியவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு படி முன்னால் இறங்கி, கையை நீட்டிப் பலகையை இன்னும் கீழே பிடித்து, கனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது.

“சுவரு இடது பக்கம் வருது,” என்றான். “மெதுவா எறங்குங்க மாப்பிள்ள. நான் பிடிச்சிருக்கேன்.”

சின்னவள் அவர்களுக்குப் பின்னால், வாயில் துணியை அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.