நன்றிக்கே இரண்டு நிமிடம்

...ஆனால் முதல் ஷாட் என்றால் அது பனிதான், மலையிலிருந்து இறங்கும் பனி, அதற்குள்ளிருந்து ஒரு ஜீப், வசனம் கிடையாது, இசை கிடையாது, பார்த்தவன் ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான், அதில் சகாய பிரவீனுக்குச் சந்தேகமே இல்லை, சந்தேகமெல்லாம் அந்த மணியின் மேல்தான். தேனியில் கல்லூரிக் குறும்படப் போட்டி, முதல் சுற்றில் படத்துக்கு இரண்டே நிமிடம், அதற்குள் நடுவர் கிளாரா மேடம் கை தூக்காவிட்டால் மணி அடிக்கும், படம் வெளியே. இரண்டு நிமிடம் தாராளம், நல்ல தொடக்கத்துக்கு நாற்பது விநாடி போதும்... இப்போது திரையில் அவன் படம்தான், ஆனால் ஓடுவது நன்றி. ஜீப் கொடுத்த தேவாரம் ஊர் இருதயம் மாமா, கூலிங் கிளாஸோடு. "மாப்ள, என் போட்டோ மொதல்ல வரணும், இல்லைன்னா ஜீப்பு மலையேறாது." மாமாவைப் போட்டால் திராட்சைத் தோட்டம் கொடுத்த முத்துப்பேச்சி அத்தையை விடமுடியுமா, அத்தையைப் போட்டுவிட்டுச் சோறாக்கிய ரோசம்மாள் சித்தியை விட்டால் கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலை மிதிப்பாளா, ஆளுக்கு ஐந்து விநாடி, இருபத்துநாலு பேர், எல்லோரும் கும்பிட்டபடி... பெருக்கிப் பார்த்தானா? கலைஞன் எதற்குப் பெருக்கவேண்டும்?

பக்கத்திலிருந்த சுருளிவேல் காதைக் கடித்தான். "ஏலே, இது படமா, காதுகுத்துக்கு அடிச்ச ப்ளெக்ஸா?" "பொறுலே, மெதுவாத்தான் சூடேறும்." ஒரு நிமிடம் நாற்பது. லைட் பிடித்த அம்மாவாசி அண்ணன், போட்டோவில் கண்ணை மூடியிருந்தார். யாரோ சிரித்தார்கள், பிறகு அரங்கே சிரித்தது, அடுத்த முகத்துக்குக் காத்திருந்து சிரித்தது, ஒரு பாட்டையாவுக்கு விசில்கூடப் பறந்தது... மணிக்காரர் கையை ஓங்கிய நேரம் கிளாரா மேடம் கை தூக்கினார். "தம்பி, இப்படி ஒரு தொடக்கத்த நான் பாத்ததே இல்ல. இவுகள்லாம் கதையில எப்ப வருவாக?"

"வருவாக மேடம்," என்றான், குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பனி இறங்கியது, ஜீப் வந்தது, அவன் நினைத்ததைவிட அழகாக, ஆனால் அரங்கு இன்னும் ஒரு முகத்துக்காகவே காத்திருந்தது... பதினேழு நிமிடப் படம், தோட்டம் உண்டு, வீடு உண்டு, ஆள்? ஒருத்தராவது? ஆளில்லாமல் ஜீப் வந்தால்தான் மர்மம் என்று மாமாவை ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தபடி ஓட்டச் சொன்னதும் அவன்தானே... முன்னால் சாய்ந்து, அவர் தலை எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று இப்போது அவனே தேடினான். கொஞ்சம் நிமிர்ந்திருக்கக்கூடாதா இந்த மனுஷன்? மாமா, சொன்ன சொல் தட்டாமல், நன்றாகவே குனிந்திருந்தார்.