பட்டியலில் சேர்த்த பெயர்

ஆனந்தராஜா உயிரோடு இல்லை என்பது ஜெபரட்ணத்துக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது.

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில் அவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் பத்து மணி இடைவேளை. உடுப்பு மாற்றும் அறையில் நின்றபோது கைபேசி அடித்தது. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து விமலராணி என்றொரு பெண். யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் அடிக்குரலில் கதைத்தாள். வன்னியில் ஆனந்தராஜாவின் பக்கத்து வீட்டுக்காரி. கடைசிவரை அவர்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தவள்.

"மே பதினாலாந் திகதி, அண்ணை. ஷெல் பங்கருக்கு மேலை நேரை வந்து விழுந்தது. ஆனந்தண்ணை, கிருசாந்தி, பிள்ளை, மூண்டு பேரும். நான்தான் மண்ணைத் தள்ளி மூடினனான். உங்கடை நம்பரை அவர் முதலே எழுதித் தந்தவர்."

அவர் வாய் திறக்க முன் தொடர்பு அறுந்துவிட்டது. ஜெபரட்ணம் கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பவும் வேலைக்குப் போனார். இரண்டு மணிவரை வெட்டினார். என்ன வெட்டினார் என்று பிறகு அவருக்கு நினைவில்லை.

சண்டை முடிந்து பத்து நாளாகியிருந்தது. ஆனந்தராஜா ஜெபரட்ணத்தின் மனைவி மனோன்மணியின் ஒரே தம்பி; கிருசாந்தி அவன் மனைவி. மனோன்மணிக்கு வயிற்றில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு தரம் நாள் குறித்தும் அவள் போகவில்லை. "தம்பியின்ரை சேதி தெரியாமல் மயக்க ஊசி போட விடமாட்டன்" என்று இருந்துவிட்டாள். மூன்றாவது தவணை வருகிற புதன்கிழமை. இதற்கு மேல் பிந்தினால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லியிருந்தார். அவளோ தேத்தண்ணியும் பிஸ்கற்றுமாகக் கிடந்தாள். எழும்பி உட்காருவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மட்டும். லண்டன் தமிழ் வானொலி முகாம்களில் பதிந்தவர்களின் பெயர்களை அந்த நேரத்தில்தான் வாசித்தது.

பட்டியலை வாசிக்கிற அந்தோனிதாசன் ஜெபரட்ணத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன். வெள்ளிக்கிழமை அவனுக்குப் போன் எடுத்தார்.

"ஒரு பேர் சேர்த்து வாசிக்கவேணும், மச்சான்."

விஷயத்தைக் கேட்டதும் அந்தோனிதாசன் கோபப்பட்டான். "உனக்கென்ன விசரே? எத்தினை ஆயிரம் சனம் இதைக் கேக்குது தெரியுமே? கடதாசியும் பேனையுமா இருந்து கேக்குதுகள்."

"ஒரு பேர்தானே."

"நீ ஒரு பேரெண்டு நினைக்கிறாய்."

"அவள் செத்துப்போவாள், தாசன். புதன்கிழமை ஒப்பரேசன் முடியட்டும். பிறகு நானே சொல்லுறன். ஆண்டவர் அறிய."

மறுமுனையில் அந்தோனிதாசன் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு "வயதைச் சொல்லு" என்றான்.

அந்த ஞாயிறு பெந்தெகொஸ்தே நாள். சபையில் எல்லாரும் கையுயர்த்திப் பாடினார்கள். ஜெபரட்ணம் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டுக்கு நிற்காமல் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தார்.

ஒன்று இருபதுக்கு அந்தோனிதாசனின் குரல் எந்த மாற்றமும் இல்லாமல் வாசித்தது: "ஆனந்தராஜா, வயது முப்பத்தொன்பது, செட்டிகுளம்."

மனோன்மணி கத்தவில்லை. வானொலிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னப்பா, கேட்டனீங்களே? கேட்டனீங்களே?" என்றாள். பிறகு குசினிக்குள் போய், பழைய சோற்றை நின்ற நிலையிலேயே அள்ளிச் சாப்பிட்டாள். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சாப்பிடுகிறாள். செய்தது சரிதான் என்று அந்த ஐந்து நிமிடம் நினைத்தார்.

அப்போது போன் அடித்தது. கோல்டிங் நகரிலிருந்து அருள்நாயகி, கிருசாந்தியின் அக்கா. வயோதிபர் இல்லத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு எப்போதும் வேலை இருக்கும், வானொலி கேட்கமாட்டாள். இந்தக் கிழமை பின்ஸ என்கிற பெந்தெகொஸ்தே விடுமுறைக்காக அவளுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். ஜெபரட்ணம் அவளை ஒருதரமும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அண்ணை, ஆனந்தன்ரை பேர் வாசிச்சவங்கள்! அப்ப தங்கச்சியும் பிள்ளையும் அங்கைதானே? குடும்பத்துக்கு ஒராளின்ரை பேரைத்தான் வாசிக்கிறாங்கள் போலை, என்ன?"

மனோன்மணி பக்கத்தில் வந்து நின்றாள். வாயில் சோறு. கண்ணில் தண்ணீர்.

"ஓம்," என்றார் ஜெபரட்ணம். "அப்பிடித்தான் இருக்கும்."

"நாளைக்கு வாறன் அண்ணை. மனோ அக்காவைக் கட்டிப்பிடிக்கவேணும் போலை கிடக்கு."

திங்கட்கிழமை, ரயில் வருவதற்கு அரை மணி முன்னரே அவர் நிலையத்தில் நின்றார். அருள்நாயகி ஒரு பையோடு இறங்கினாள். நடக்க நடக்கவே அதைத் திறந்து காட்டினாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு சட்டை, ஒரு சோடி சப்பாத்து. "அளவு சரியோ தெரியாது. கொழும்புக்கு ரிக்கற் பாக்கச் சொல்லிப்போட்டன். முகாமுக்குள்ளை விடாட்டிலும் வாசலிலை நிண்டாவது..."

"தங்கச்சி, இதிலை இரு."

மேடையிலிருந்த வாங்குப் பலகையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். விமலராணி சொன்னதை, தாசனிடம் கேட்டதை, நேற்றுத் தான் சொன்ன பொய்யை.

அவள் பையின் சிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

"நான் நேற்றுப் பின்னேரம் முழுக்கச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான், அண்ணை. பக்கத்து வீட்டு டெனிஸ்காரிக்குக் கேக் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளு, தங்கச்சி."

"அவளைச் சாகக் குடுத்தது நீங்களில்லை. ஆனால் உயிரோடை இருக்கிறாளெண்டு சொல்ல உங்களை ஆர் கேட்டது?"

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து நின்று போனது. அவள் எழும்பினாள்.

"திரும்பிப் போறியே?"

"அக்கா சமைச்சு வைச்சிருப்பா. நான் வராட்டி அவவுக்கு விளங்கிப்போடும். நடவுங்கோ."

மனோன்மணி நண்டுக்கறி வைத்திருந்தாள். இரு பெண்களும் கட்டிப்பிடித்தார்கள். பிள்ளை தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்று மனோன்மணி கேட்க, கண் தாயின் கண் என்று அருள்நாயகி சொன்னாள். சட்டைகளை விரித்துக் காட்டினாள். இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஜெபரட்ணத்தால் அந்த மேசையில் இருக்க முடியவில்லை. தண்ணீர் எடுக்கிற சாட்டில் நாலுதரம் எழும்பினார். போகும்போது அருள்நாயகி அவரைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மனோன்மணி வீட்டுக்கு வந்து, மெதுவாக நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் ஜெபரட்ணம் அவளுக்குச் சொன்னார்.

அவள் வயிற்றுத் தையலில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அருள் இதைத் தெரிஞ்சுகொண்டோ வந்து என்ரை முகத்துக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டவள்?"

"ஓம்."

போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அழுகைச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் சிறிய பெட்டி இருந்தது.

"நான் கோல்டிங்குக்குப் போறன். நாங்கள் ரெண்டு பேரும் இருந்து அழவேணும்."

"நானும் வாறன், மனோ. பாரம் தூக்கக் கூடாதெண்டு..."

"நீங்கள் வரவேண்டாம். நீங்கள் அழுது முடிச்சிட்டியள். எங்களுக்குச் சொல்லாமல் தனிய அழுது முடிச்சிட்டியள்."

வாடகைக் கார் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் ஞாயிறு. அவர் சபைக்குப் போகவில்லை. ஒரு மணிக்கு வானொலியைப் போட்டார். பட்டியலை வாசித்தது வேறு யாரோ ஒரு பெண். கொஞ்ச நேரத்தில் அந்தோனிதாசனே போனில் வந்தான்.

"நான் வாசிக்கிறதை விட்டிட்டன். இனி ஏலாது," என்றான். "ஜெர்மனியிலையிருந்து ஒரு மனுசி ஒவ்வொரு நாளும் போன் எடுக்குது, மச்சான். தன்ரை மகன் கடைசியா ஆனந்தராஜா எண்டவரின்ரை பங்கருக்குள்ளை இருந்தவனாம். அவர் பதிஞ்சிருக்கிறாரெண்டால் மகனும் தப்பியிருப்பான்தானே எண்டு கேக்குது. அவனும் செத்திட்டானோ எனக்குத் தெரியாது. நான் என்னத்தைச் சொல்ல?"

ஜெபரட்ணம் வானொலியை நிறுத்தினார்.

"நம்பரைத் தா. உண்மையை நான் சொல்லுறன்."

எழுதிக்கொண்டார். தாசன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு, அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

முதல் மணியிலேயே அந்தத் தாய் எடுத்துவிட்டாள்.