வெள்ளிக்கால்

வீடு கடலைப் பார்த்து இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை. வாசல் இறங்கினால் மணல். சங்கரபாண்டியனோடு ஆபீசில் வேலை பார்க்கும் ஞானதுரையின் வீடு. குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே, ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. "போய் இருந்துட்டு வாங்க. காலையும் சாயங்காலமும் கரையோரமா நடங்க. அதுதான் அங்க வேலையே" என்று சாவியைக் கொடுத்திருந்தார்.

அவர் சொன்னபடியே சங்கரபாண்டியனும் முருகம்மாளும் நடந்தார்கள். ஈர மணலில், செருப்பில்லாமல். ஊரில் அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். இங்கே பக்கத்தில் நடந்தான். ஆபீஸ் கதைகளைச் சொன்னான். அவன் இவ்வளவு பேசுவான் என்பதே அவளுக்குத் தெரியாது. அலை வந்து காலை நனைக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டார்கள்.

தெற்கே மட்டும்தான் நடந்தார்கள். வடக்கே திரும்பினால் தூரத்தில் திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்தது.

இதைக் கவனித்தவள் ஆமினாள். வீட்டைப் பார்த்துக்கொள்பவள், சமைத்தும் தந்தாள்.

"தெக்க என்னத்தக் கண்டீங்க, தெனமும் அங்கனயே போறீங்க? ஒங்க கோயிலு வடக்கல்லா இருக்கு."

"போவோம், போவோம். சாமி எங்கயும் ஓடிறாது" என்றான் சங்கரபாண்டியன்.

ஆமினாள் சுவரைப் பார்த்தாள். ஆணியில் இரண்டு உருத்திராட்ச மாலைகள் தொங்கின. சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"மாலையக் கழத்தி மாட்டிட்டா மீன் திங்கலாமாக்கும்? எனக்கு ஒங்க வழக்கம் தெரியாது. அதான் கேக்குதேன்."

சங்கரபாண்டியன் சிரித்தான். முருகம்மாள் சிரிக்கவில்லை. அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. முடிச்சுக்குள் ஒரு வெள்ளிக்கால் இருந்தது. விரல் நீளம்தான். முழங்காலுக்குக் கீழே உள்ளது மட்டும். கால்விரல்களைக் கோடாகக் கீறியிருந்தார்கள்.

கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறோம் என்று சங்கரன்கோவிலில் தெருவுக்குள் சொல்ல முடியாது. கல்யாணமாகி வருஷங்கள் ஓடிப்போன, பிள்ளை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் அப்படிச் சொல்லவே முடியாது. ஊர் சிரிக்கும். அது மாசி மாதம். பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக ரோட்டில் போனார்கள். "நாமளும் நடக்கத்தானே போறோம். அப்படியே சொல்லிருவோம்" என்றான் சங்கரபாண்டியன். அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் குத்தியது.

பச்சைச் சேலை வாங்கினார்கள். மாலை போட்டுக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று தெரு கூடிவிட்டது. அதை இருவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டு வள்ளித்தாய் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து முருகம்மாளின் காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள். எழுந்து வெள்ளிக்காலை அவள் கையில் வைத்தாள்.

வள்ளித்தாயின் புருஷன் வேல்சாமி நூல் மூட்டையோடு சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தவன். எலும்பு கூடிய பிறகும் கம்பு இல்லாமல் அவனால் நடக்க முடியவில்லை.

"நடந்து கொண்டுபோயி உண்டியல்ல போடுதேன்னு நேந்துட்டேன் மதினி. தறியையும் பிள்ளைகளையும் விட்டுட்டு நான் எங்க போக? ஒங்க காலு என் காலுன்னு நெனச்சுக்கிடுதேன்."

வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கிக்கொண்டாள். தெரு முனை திரும்பியதும் சந்து வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். பாதத்தில் மஞ்சள் இன்னும் காயவில்லை.

திருச்செந்தூரில் பஸ் மாறும்போது சங்கரபாண்டியன் கேட்டான். "ஒரு எட்டு போயிப் போட்டுட்டு வந்துருவோமா?"

"பஸ்ல வந்தா போடச் சொன்னா?"

"முருகன் டிக்கெட்டா கேக்கப் போறான்?"

அதற்குள் குலசேகரன்பட்டினம் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்கள்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின காலை, வாசல் இறங்கியதும் முருகம்மாள் வடக்கே திரும்பினாள்.

"ஏட்டி, எங்க?"

"கோயிலுக்கு."

"பஸ்ல போலாமே."

அவள் நிற்கவில்லை. அவன் பின்னால் வந்தான். ஆலந்தலை மாதா கோவிலையும் கரையேற்றிய வள்ளங்களையும் தாண்டினார்கள். வெயில் ஏறியது. வழி முழுக்க அவன் பேசவில்லை.

உண்டியலுக்கு முன்னால் கூட்டம். அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் பாதங்களில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தமும் தாரும் ஒட்டியிருந்தன. அந்தப் பெண் மடியிலிருந்து எதையோ எடுத்து உண்டியலில் போட்டாள். கண்ணை மூடி அழுதாள். முருகம்மாள் தன் பாதங்களைப் பார்த்தாள். ஐந்தாறு நாள் உப்புத் தண்ணீரில் நனைந்து வெளுத்து, சுத்தமாக இருந்தன.

முடிச்சை அவிழ்க்காமல் நகர்ந்தாள். பன்னீர் இலையில் மடித்துத் தரும் இலை விபூதி மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"ஏன் போடல?" வெளியே வந்ததும் சங்கரபாண்டியன் கேட்டான்.

"இது ஊர்லருந்து நடந்து வரணும்."

"அதுக்கு?"

"திருப்பிக் குடுத்துட்டு உள்ளதச் சொல்லிருதேன்."

அவன் கடலைப் பார்த்தான். "அதுக்கப்புறம் அந்தத் தெருவுல குடியிருக்க வேண்டாமா?"

ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் ஊருக்குப் போனாள். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

தெருவுக்குள் நுழைந்ததுமே வள்ளித்தாய் ஓடிவந்தாள்.

"மதினி, அங்கன பாருங்க!"

வேல்சாமி வந்துகொண்டிருந்தான். கையில் கம்பு இல்லை.

"நீங்க கெளம்புன மறுநாளே கம்ப மூலைல வச்சிட்டாக. நீங்க நடக்க நடக்க இவுக காலு தேறிட்டு வந்துட்டு. விபூதி இருக்கா மதினி?"

முருகம்மாள் இலை விபூதியைக் கொடுத்தாள். வள்ளித்தாய் தெருவிலேயே குனிந்து புருஷனின் காலில் விபூதியைத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். வேல்சாமி அசையாமல் நின்றான். அவன் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று அவள் உள்ளே போனாள். சங்கரபாண்டியன் பையோடு தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

வேல்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடைல நான் இருந்தேங்க்கா."

முருகம்மாள் வள்ளித்தாயின் வாசலைப் பார்த்தாள்.

"அவகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க. இப்ப பனவடலிசத்திரம் தாண்டியிருப்பாக, இப்ப பாளையங்கோட்டை, இப்ப வைகுண்டம்னு கும்பிட்டுக்கிட்டே கெடந்தா. சோறு எறங்கல அவளுக்கு. அவ முகத்தப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்ல? கம்ப வச்சிட்டேன்."

"வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது."

வள்ளித்தாய் காப்பியோடு வந்தாள். வேல்சாமி சுவரிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான்.

மறுநாள் விடிந்ததும் முருகம்மாள் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்காலை முந்தானையில் முடிந்தாள்.

"எனக்கு இனி லீவு இல்லட்டி" என்றான் சங்கரபாண்டியன்.

"நீங்க ஆபீசுக்குப் போங்க. தெருவுல கேட்டா மேலநீலிதநல்லூருக்கு, அம்மா வீட்டுக்கு பஸ்ல போயிருக்கான்னு சொல்லுங்க."

"தனியாவா நடப்ப?"

"ரோடெல்லாம் ஆளு போகுது."

அவன் வாசல்வரை வந்தான். இன்னும் கொஞ்சம் கூட வருவான் என்று நினைத்தாள். அங்கேயே நின்றுவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. "திருநேலி, திருநேலி! எடம் கெடக்கு, ஏறுக்கா!" என்றான் கண்டக்டர். அவள் பஸ்ஸைத் தாண்டினாள்.

டீக்கடை பெஞ்சில் வேல்சாமி இருந்தான். அவளையும் பஸ்ஸையும் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். பெஞ்சைப் பிடித்து எழுந்திருக்கப் போனான்.

"உக்காருங்க" என்றாள். "அந்தக் கம்ப எடுத்துக்கிடுங்க. நான் போயிச் சேருற வரைக்குமாவது."

"எடுத்தா அவ கேப்பாளே. என்ன சொல்லட்டும்?"

முருகம்மாள் செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, பனவடலிசத்திரம் ரோட்டில் இறங்கினாள்.