குஞ்சுக்குப் போட்ட பல்பு

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. என் தலையில் கட்டினார்கள். தேனியிலிருந்து வரும் ஒரு சின்ன மாணவர் இதழின் ஆசிரியர் ஆதித்தன், ஒருநாள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "அண்ணே, ஆற்றல் சேமிப்புச் சிறப்பிதழ் போடுறோம். ஆற்றல் மாற்றம், பயனுறுதிறன் எல்லாம் ஒம்பதாப்புப் பிள்ளைகளுக்குப் புரியுற மாதிரி ஒரு கதை வேணும். கடைசியில ஒரு கருத்து இருக்கணும்."

கருத்து! இட்லிக்குச் சட்னி கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். நான் சரி என்றேன். மெஷின் சத்தத்தில் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

மேகமலையின் பின்னே கதிரவன் மறைந்தான். மாணவி ஒருத்தி தன் வீட்டின் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. பல்பை மாட்டினாள். வீடெங்கும் வெளிச்சம் பரவியது. "அம்மா, இனி நம் வீட்டில் ஆற்றல் வீணாகாது!" என்று...

[நிறுத்திவிட்டேன். எந்தப் பிள்ளை அம்மாவிடம் இப்படிப் பேசும்? பேசினால் அம்மா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாளா?]

இருந்தாலும் கெடு நெருங்கியதால் அதையே இழுத்து மூன்று பக்கம் எழுதி முடித்தேன். பல்பை மாற்றினாள், கரண்டு பில் குறைந்தது, ஊரே கைதட்டியது. கருத்து ரெடி.

2.

அந்த மூன்று பக்கமும் என் கவுண்டரில் கிடந்த நேரத்தில்தான் கிருபாவதி டீச்சர் வந்தார். போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என் மனைவியோடு படித்தவர். இப்போது தேனியில் குடியிருந்துகொண்டு, கடமலைக்குண்டைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் அறிவியல் நடத்துகிறார். ஏதோ நகல் எடுக்க வந்தவர், நான் பேப்பர் கட்டைப் பிரிக்கிற நேரத்தில் என் கதையை எடுத்துப் படித்துவிட்டார்.

எழுதுகிறவனுக்கு இதைவிடச் சங்கடமான நேரம் கிடையாது. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே, இதைப் போடாதீங்க."

"ஏன் டீச்சர், சயின்ஸ் தப்பா இருக்கா?"

"சயின்ஸ் எல்லாம் நான் சொல்லிக்குடுத்த மாதிரியே இருக்கு. அதான் சொல்றேன், போடாதீங்க. இந்தப் பிள்ளை எங்கிட்டப் படிக்குது."

3.

இனி டீச்சர் சொன்னதை நான் எழுதுகிறேன். வேறு நிறம் பூசத் தோன்றும் இடங்களில் என் கையை நானே தட்டிக்கொள்கிறேன்.

கார்த்திகைக் கடைசி. வகுப்பறை மேசை மேல் இரண்டு பல்புகள் எரிகின்றன. ஒன்று குண்டு பல்பு, இன்னொன்று எல்.இ.டி. பிள்ளைகள் வரிசையாக வந்து பக்கத்தில் கையை நீட்டிப் பார்க்கிறார்கள். குண்டு பல்பிடம் போனவர்கள் எல்லாம் "யாத்தே, சுடுது டீச்சர்!" என்று கையை உதறுகிறார்கள்.

டீச்சர் போர்டில் படம் வரைகிறார். மின்னாற்றல் என்று ஒரு தடித்த அம்பு பல்புக்குள் போகிறது. வெளியே வரும்போது இரண்டாகப் பிரிகிறது. சுண்டுவிரல் அகலத்தில் ஒன்று: ஒளி. உள்ளங்கை அகலத்தில் ஒன்று: வெப்பம். அந்தப் பெரிய அம்பின் மேல் டீச்சர் பெரிய எழுத்தில் 'வீண்' என்று எழுதுகிறார்.

(பாடம் இவ்வளவுதான். உள்ளே போட்டதில், நமக்கு வேண்டியது எவ்வளவு வெளியே வந்தது என்று பார்ப்பதே பயனுறுதிறன். 'நமக்கு வேண்டியது' என்பதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் அன்றைக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார்.)

அறிவியல் மன்றத்துக்கு எல்.இ.டி. பல்புகள் வந்திருந்தன. வீட்டிலிருந்து ஒரு குண்டு பல்பு கொண்டுவந்தால் ஒரு எல்.இ.டி. இலவசம் என்று டீச்சர் அறிவித்தார். வகுப்பே முழித்தது. குண்டு பல்பு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? ஒரே ஒரு கை மட்டும் எழுந்தது. நாகஜோதி.

நாகஜோதி கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுகிற ரகம். "மின்விசிறி காத்த உண்டாக்குதா, இருக்குற காத்தத் தள்ளுதா டீச்சர்?" என்று கேட்டு, ஒரு பீரியடையே விழுங்கியவள். அன்றைக்கும் கேட்டாள்.

"டீச்சர், எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. குஞ்சுக்குப் போட்டது. அதையும் மாத்தணுமா?"

"எல்லாத்தையும் மாத்தணும். வெளிச்சம் வந்தாப் போதும்ல?"

மறுநாள் காலையில் பழைய துணியில் சுற்றிப் பல்பைக் கொண்டுவந்தாள். வகுப்பு கைதட்டியது. டீச்சர்தான் தட்டச் சொன்னார். குண்டு பல்பு அலமாரியில் காட்சிக்கு ஏறியது. எல்.இ.டி. நாகஜோதியோடு வீட்டுக்குப் போனது.

4.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

நாகஜோதியின் அம்மா சொர்ணலதா நாட்டுக்கோழி வளர்க்கிறவர். பொரித்த ஒருநாள் குஞ்சுகளை மொத்தமாக வாங்கி, தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, நடுவில் குண்டு பல்பைத் தொங்கவிட்டு வளர்ப்பார். தாய்க்கோழியின் சிறகுக்குப் பதில் அந்தப் பல்பின் சூடு. பங்குனித் திருவிழாவுக்கு விற்கும் பருவம் வந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பல்பு எதற்கென்று தெரியாமலா இருக்கும்?

"பாத்திரம் நம்புற மாதிரி இல்லையே டீச்சர்" என்றேன். (எழுத்தாளப் புத்தி. ஆள் உயிரோடு இருக்கும்போதே நம்பும்படி இல்லை என்கிறது.)

"அதுக்குத் தெரியும்ண்ணே. எனக்குத்தான் தெரியாது. போடியில கடைக்கு மேல வளந்தவ நான். குஞ்சுக்குப் பல்புன்னா இருட்டுல பயப்படாம இருக்கப் போட்டதுன்னு நெனச்சேன். பூனை கீனை வராம இருக்க. 'டீச்சருக்குத் தெரியாமயா சொல்லுவாக'ன்னு அது நம்பிருச்சு."

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

5.

அன்று சாயங்காலம் சொர்ணலதா கம்பத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா கேரளாப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். குஞ்சுகளை அடைக்கும் பொறுப்பு நாகஜோதிக்கு. அடைத்துவிட்டு, பழைய பல்பு தொங்கிய இடத்தில் எல்.இ.டி.யை மாட்டினாள். கடைசி பஸ்ஸில் திரும்பிய அம்மா, கொட்டகைத் தகர இடுக்கில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தார். பல்பு எரிகிறது என்று நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் அப்போது பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

[இங்கே பனியைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதனால்தான் அடித்தேன்.]

விடிந்து பார்த்தபோது, குஞ்சுகள் பல்புக்கு நேர் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சூடு அங்கேதான் இருக்கும் என்று அதுகளுக்குத் தெரியும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஏதோ கொஞ்சம்தான் பிழைத்தது.

6.

நாகஜோதி பள்ளிக்கூடம் வரவில்லை என்றதும், டீச்சர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனார். சொர்ணலதா சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டே போனாராம்.

"வாங்க டீச்சர். இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. இங்கன உக்காருங்க, காப்பி போடுறேன்."

"பிள்ளையைத் திட்டாதீங்கம்மா. தப்பு என்னோடது."

"நான் ஏன் டீச்சர் அவள வையப் போறேன்? 'ஏன் ஆத்தா, சூட்டுக்குப் போட்டதுன்னு ஒனக்குத் தெரியாதா'ன்னு கேட்டேன். 'தெரியும்மா, டீச்சர் சொன்னாக'ன்னா. அதுக்கு மேல என்னத்தக் கேக்க? குஞ்சு போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம். இவ வாயவே தெறக்க மாட்டேங்குறா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

நாகஜோதி கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் கிட்டே போய் நின்றார். அவள் நிமிரவில்லை. கூட்டி முடித்த இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

வீட்டில் கொடுத்த காப்பியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவித்ததைச் சொல்லும்போது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் வைக்கலாம் என்று பார்த்தேன். சொர்ணலதா ஆவேசமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து...

"அவுக வரலண்ணே."

தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு...

"அவருக்கு விஷயமே தெரியாது."

நாகஜோதி படிப்பை நிறுத்திவிடுவதாக...

"அண்ணே, பிள்ளை பாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நல்லாப் படிக்குது. கேள்வி கேக்குறத மட்டும் நிறுத்திருச்சு. அது போதாதா ஒங்களுக்கு?"

போதும். இதைவிடப் பெரிய நஷ்டத்தை நான் கற்பனை பண்ணினாலும் இவ்வளவு வலிக்காது. ஒரு கேள்வியில் வகுப்பையே நிறுத்துகிற ஒரு பிள்ளை, இப்போது டீச்சர் சொல்வதை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு, எதையும் நம்பாமல் உட்கார்ந்திருக்கிறது.

8.

மார்கழியில் டீச்சர் அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தினார். முடித்த பாடத்தை எந்த ஆசிரியரும் மறுபடி எடுப்பதில்லை. அலமாரியிலிருந்த குண்டு பல்பை எடுத்து மேசையில் எரியவிட்டார். அதே அம்புகளை வரைந்தார். 'வீண்' என்று எழுதினார். பிறகு அதை அழித்தார்.

"நான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். எது வீணுன்னு பல்பு சொல்லாது. பல்பை மாட்டுன ஆளு, அது எதுக்குன்னு சொல்லணும். அதைக் கேக்காம நான் 'வீண்'னு எழுதிட்டேன். நம்ம வகுப்புல ஒருத்தர் அன்னைக்கே என்னையக் கேட்டாக. நான் காதுல வாங்கல."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை டீச்சர் 'கேட்டாக' என்று மரியாதையாகச் சொன்னதில் வகுப்பு சிரித்தது. நாகஜோதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் டீச்சர் அந்தக் குண்டு பல்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

(இந்த இடத்தில் அவளை ஒரு புன்னகையாவது செய்ய வைக்கும்படி என் கை கெஞ்சியது. டீச்சர் எதிரே நின்றதால் தப்பித்தேன்.)

9.

இப்போது மாசி. இடைப்பருவத் தேர்வு முடிந்து, விடைத்தாள்கள் டீச்சர் பையில் இருந்தன. மாவட்டம் முழுக்க ஒரே வினாத்தாள், ஒரே விடைக்குறிப்பு. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காட்டக் கூடாதுதான். ஆனாலும் ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். எல்லா விடைக்கும் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டிருந்தது, ஓர் இடம் தவிர. கோடிட்ட இடத்தை நிரப்புக, ஒரு மதிப்பெண். 'குண்டு பல்பில் வீணாகும் ஆற்றல்' என்று வினா. விடைக்குறிப்பில் 'வெப்பம்' என்று இருக்கிறது. நாகஜோதி எழுதியிருந்தாள்:

ஒளி.

ரெண்டே எழுத்து. கடை வாசலில் யாரோ கலர் ஜெராக்ஸ் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

"அந்த நாளுக்கப்புறம் அது எனக்குன்னு சொன்ன மொத வார்த்தை இதாண்ணே. இது திட்டா, பதிலான்னு தெரியல."

"ரைட் போட்டுருங்க டீச்சர். அவ வீட்டுல அதான வீண்?"

"போட்டா, செத்த குஞ்சுக்கெல்லாம் சேத்து ஒரு மார்க்குன்னு நெனைக்காதா?"

"அப்ப விடைக்குறிப்புப்படி தப்புப் போடுங்க."

"ரெண்டாவது தடவையும் அது சொன்னதக் காதுல வாங்கலன்னு ஆயிரும்."

"பக்கத்துல 'ஏன்?'னு எழுதி அனுப்புங்க. வந்து சொல்லுவா."

டீச்சர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கேட்டா நல்லாச் சொல்லுவா. அது பதில் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது? அது என்னையத் திரும்பக் கேக்கணும்ண்ணே. ஏதாச்சும் ஒரு கேள்வி."

10.

ஆதித்தன் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். "கருத்து வந்துருச்சாண்ணே?" என்கிறார். வரவில்லை, வந்தால் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டீச்சர் ரைட் போடுகிறார், நாகஜோதி ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் டீச்சர் தப்புப் போடுகிறார், நாகஜோதி எழுந்து "ஏன் டீச்சர் தப்பு?" என்று கேட்டுவிடுகிறாள், அதில் டீச்சருக்கு உயிரே வந்துவிடுகிறது. அதில் எனக்கு ஆசை நிறைய. ஆனால் ஒருத்தி வாயைத் திறப்பாளா என்று பார்க்க அவள் விடையைத் தப்பாக்குவது, மறுபடியும் குஞ்சை வைத்துச் சோதனை பண்ணுகிற மாதிரிதான். அதையும் கிழித்தேன்.

என்னால் முடியவில்லை. உங்களிடம் கொடுக்கிறேன். நீங்களும் எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஏதோ ஒரு நாளோடு கேள்வி கேட்பதை நிறுத்தியவர்தானே? அன்றைக்கு உங்கள் தாளில் என்ன எழுதியிருந்தால் கையை மறுபடி தூக்கியிருப்பீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். டீச்சர் கிளம்பும்போது சிவப்புப் பேனாவை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தாருங்கள். திங்கட்கிழமை இந்தத் தாள் அவள் கைக்குப் போகும். முதலில் இந்த இடத்தைத்தான் பார்ப்பாள்.

குண்டு பல்பில் வீணாகும் ஆற்றல் ஒளி. (          )