சாயங்காலம் நிமிரும்

“பாத்து, செடிய மிதிச்சிடாதீங்க!”

அவரை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்த நால்வரும் அப்படியே நின்றார்கள். புருஷன் போகிற நேரத்தில் இவளுக்குச் செடிதான் பெரிசாப் போச்சா என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்கள் சரளைக்கல் பாத்தியைச் சுற்றி நடந்து அவரை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போய்விட்டது.

ஊருக்கெல்லாம் மோட்டார் மாட்டித் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மெக்கானிக், தன் வீட்டு முன்னால் போட்டது தண்ணீர் கேட்காத தோட்டம். நடுவில் அந்தச் செடி. போன வருஷம் முழுக்க, வெள்ளை ரோமம் படர்ந்த இலைகளை விரித்துக்கொண்டு தரையோடு கிடந்தது. “கோசு மாதிரி உக்காந்திருக்கு, சமைக்கக்கூட ஆகாது” என்று அவள் கேலி செய்வாள். இந்த வருஷம் தண்டு ஆளுயரம் எழும்பி மொட்டு கட்டியிருந்தது. ஒரே தடவை பூத்துவிட்டுச் செத்துவிடுமாம்.

மத்தியான வெயிலில் இலையெல்லாம் தொங்கிப்போகும். அவள் பதறிக் குடத்தைத் தூக்கினால் அவர் தடுப்பார்.

“ஊத்தாதே, வேர் அழுகிடும். சும்மா நடிக்குது. சாயங்காலம் தானா நிமிரும் பாரு.”

நிமிர்ந்துவிடும்.

அவருக்கு இதயம் தளர்ந்து கால் வீங்கியபின், தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நேற்று மத்தியானம் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, “ஒரு வாய் தண்ணி கொடேன்” என்று கேட்டார். மத்தியானப் பங்கு முடிந்திருந்தது.

“நடிக்காதீங்க. சாயங்காலம் தரேன்.”

அவரும் சிரித்தார். சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

அதிலிருந்து வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் அவளுக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

மகள் டம்ளரோடு வாசலுக்கு வந்தாள். “நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. ஒரு வாய் குடிம்மா.”

“சாயங்காலம் குடிக்கிறேன்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. டம்ளரை வாங்கிக் கையில் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் இறங்கியது. அடியிலிருந்து ஒவ்வொரு இலையாக எழுந்தது. கடைசியில் செடி முழுசாக நிமிர்ந்து, அவர் உயரத்துக்கு நின்றது.

அவள் எழுந்து போய் டம்ளரை அதன் அடியில் சாய்த்தாள்.

“அம்மா! ஊத்தக்கூடாதும்பாரே அப்பா?”

“குடிங்க” என்றாள் அவள்.

தண்ணீர் கல்லுக்கிடையே இறங்கி மறைந்தது. அவள் தனக்கு ஒரு வாய் பிடிக்கக் காலி டம்ளரோடு குழாயடிக்குப் போனாள்.